மூன்றாவது சிலிண்டர்

என் வீட்டுக்காரரின் இடது புருவம் கருகிய சனிக்கிழமைதான் எனக்கு அவர்மேல் உண்மையான கோபம் வந்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காரின் திறந்த பானட்டுக்குள்ளிருந்து ஒரு தீ எழும்பி அடங்கிய நொடியில் எனக்கு விளங்கியது.

எரிச்சலின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பதினான்கு வருடம் வளைகுடாவில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவர். ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இருக்கும் டீசல் ஜெனரேட்டர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். முதல் மாதம் விருந்தாளி மாதிரி இருப்பார், இரண்டாவது மாதம் வீட்டு ஆளாக மாறத் தொடங்குவார், அதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். போன வருடம் ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று வந்து இறங்கினார். வீட்டை ஒட்டிக் கிடக்கும் காலி இடத்தில் ஒரு ஷெட் போட்டு கார் ஒர்க்‌ஷாப் வைப்பதாகத் திட்டம். டீசல் ஜெனரேட்டர் பார்த்தவருக்குக் கார் என்ன பெரிய காரியம் என்றார். நானும் நம்பினேன்.

கை பழகுவதற்கென்று காயல்பட்டினத்திலிருந்து ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். மூன்று சிலிண்டர் வண்டி. கடல் காற்றில் கதவின் அடிப்பக்கமெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. எஞ்சின் ஒரு தடவை நன்றாகச் சூடேறி, ஹெட் கேஸ்கட் போயிருந்தது. இவர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார், காற்று கசியாதபடி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார், புது கேஸ்கட் போட்டு மூட்டினார். சொல்லும்போது ஒரு வரி. நடந்தது ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் என் வீட்டு வாசலில் நடக்க வழி கிடையாது. துணி காயப்போடும் கொடியில் பெல்ட் தொங்கியது. ஒரு நாள் காலையில் மாவு பொங்கி நிற்க, இட்லித் தட்டைத் தேடினால் தட்டு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு வால்வு. எது எந்த சிலிண்டருக்கு உரியது என்று மாறிவிடக் கூடாதாம். மூன்று சிலிண்டருக்கு ஆறு வால்வு, ஆறு குழி, ஆண்டவன் அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது பார் என்று என்னிடமே காட்டிப் பெருமைப்பட்டார்.

மூட்டி முடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்கியது. ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பி, துறைமுகத்துக்குப் போகும் மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டிக்கு இழுவை போய்விட்டது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. உருட்டி உருட்டி ஓரம் கட்டி, நான் இறங்கி ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனேன்.

வண்டி பிரிந்து கிடந்த அந்த மாதத்திலேயே வளைகுடாவிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. பழைய மேனேஜர் அனுப்பியது. அதே வேலை, ஒரு படி மேலே, புருவம் கருகிய அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் அதை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சாப்பிடும்போது ஒரு கணக்கைச் சொன்னார். இந்த வண்டி சரியாக வந்துவிட்டால் ஊரிலேயே இருப்பாராம், ஷெட் போடுவாராம். வராவிட்டால் அவர் கை காருக்கு ஆகாத கை என்று அர்த்தமாம், போய்விடுவாராம்.

ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியோடு இருப்பதா வேண்டாமா என்பதை ஒரு துருப்பிடித்த வண்டியிடம் விட்டால் அவனை என்ன செய்வது? எனக்கு அவர் இருக்க வேண்டும். இட்லித் தட்டில் வால்வு கிடந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னாலும் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அது நீண்டதில்லை.

வண்டியைச் சோதிக்க அவர் வைத்திருந்த வழி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டு, திருச்செந்தூர் வரை போய்த் திரும்புவது. எனக்கு முருகன்மேல் குறையில்லை. ஆனால் மேம்பாலம் ஏறாத வண்டி திருச்செந்தூர் போவது முருகனுக்குத்தான் சோதனை. இதற்கென்று ஒரு கருவி இருக்கிறதே, அதை வைத்துப் பாருங்கள் என்றேன்.

கருவியைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்ப்பது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டின் சேஃப்டி பிரிவில். ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் அதை வைத்துப் பார்ப்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கம்ப்ரஷன் டெஸ்டரின் குழாயைத் திருகி, செல்ஃப் அடித்தால், உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று முள் காட்டும். எங்காவது கசிந்தால் முள் ஏறாது. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த பெட்டியிலேயே ஒன்று இருந்தது. டீசலுக்கானது, முள் ஆயிரம் வரை போகும், இந்த வண்டியின் துளைக்குப் பொருந்தாது. அது பொருந்தாததே போதும் என்பது போல இரண்டு நாள் தள்ளினார். எனக்குப் புரிந்தது. முள் என்ன சொல்லுமோ என்று அவருக்குப் பயம்.

கடைசியில் பஜாரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் பெட்ரோல் வண்டிக்கான டெஸ்டரை வாங்கி வந்தார். அண்ணாச்சி அதைப் பொதியும்போதே, மறக்காமல் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னாராம். இவர் தலையாட்டினாராம். தெரிந்தவன் தெரிந்ததைக் கேட்கும்போது ஆட்டுவானே, அந்த ஆட்டல். காதில் ஏறியிருக்காது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நான் வந்தபோது இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். மூன்று பிளக்கும் வெளியே இருந்தன. பிளக் ஒயர்கள் அங்கங்கே எஞ்சின்மேல் கிடந்தன. டெஸ்டரை முதல் துளையில் மாட்டியிருந்தார். உட்கார்ந்து செல்ஃப் அடி என்றார். நான் ஆபீஸ் சேலையோடு, பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

இங்கே என் வெட்கத்தையும் சொல்ல வேண்டும். யார்டில் ஒருவன் ஒரு மெஷினின் மூடியைத் திறக்க வேண்டும் என்றால் என்னிடம் பெர்மிட் வாங்க வேண்டும். கரண்டை நிறுத்தினாயா, எண்ணெயை நிறுத்தினாயா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவன் உயிரை எடுப்பேன். அப்படிப்பட்டவள் என் வீட்டு வாசலில் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைத் திருப்பினேன். ஊருக்கு உபதேசம் என்று சொல்வார்கள், அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

திறந்திருந்த மற்ற இரண்டு துளை வழியாகப் பெட்ரோல் புகையாகப் பீய்ச்சியது. கிடந்த ஒயரிலிருந்து பொறி பறந்தது. புஸ்ஸென்று ஒரு தீ. அவர் பின்னால் போய் விழுந்தார். தீ வந்த வேகத்தில் அடங்கிவிட்டது, ஆனால் பேட்டரிமேல் கிடந்த எண்ணெய்த் துணி பற்றிக்கொண்டது. நான் வாசலில் கிடந்த கால்மிதிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அதன்மேல் போட்டு அமுக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்தபடி முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இடது புருவம் இல்லை. முன்கை முடி இல்லை. கண் நன்றாக இருந்தது. அதை மூன்று தடவை திறந்து மூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்:

"டீசல்ல இப்படி ஆவாது, ஏளா."

ஆகாதுதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, பொறி கிடையாது. பதினான்கு வருடம் பொறியே இல்லாத எஞ்சின்களைத் திறந்து மூடியவர், பொறி என்று ஒன்று இருப்பதையே மறந்து போனார். அறியாதவன் செய்த தப்பு இல்லை இது. கை நிறையத் தெரிந்தவன் செய்த தப்பு. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. காரிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகினேன். நாளைக்கு இந்தச் சோதனை நடக்கும், ஆனால் என் பெர்மிட்டில்தான் நடக்கும் என்றேன். நம்ம வீட்டு வாசலில் பெர்மிட்டா என்று சிரித்தார். ஒற்றைப் புருவத்தோடு ஒருவர் சிரிக்கும்போது பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஞாயிறு காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் பெர்மிட் எழுதினேன். வேலை, இடம், செய்பவர், பொறுப்பாளர். கீழே வேலை முடிந்தது என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட ஒரு கட்டம். முதல் சண்டை உடுப்பில் வந்தது. சாரத்தோடு பெல்ட் பக்கம் நிற்க விடமாட்டேன் என்றேன். சாரத்தின் நுனி ஒரு பெல்ட்டில் சுற்றினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அவரிடம் பேன்ட் எல்லாம் விசேஷத்துக்குப் போடுபவை. பெட்டியில் ஒரு நீலக் கவரால் கிடந்தது, வளைகுடாவில் வேலைக்குப் போடும் கழுத்து முதல் கால் வரையான உடுப்பு. இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்று வந்த அன்றே மடித்து அடியில் வைத்தது. அரை மணி நேரம் வாதாடி அதைப் போட வைத்தேன். போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது ஊருக்குப் புறப்பட்டு நிற்கும் ஆள் மாதிரியே இருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் சட்டம், என் தலையிலேயே விழுந்தது.

பிறகு வரிசையாக நடந்தது. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். சூடான எஞ்சினில்தான் அளவு சரியாக வரும் என்பதால் சிறிது நேரம் ஓடவிட்டோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கினார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுத் தானாக நின்றது. அடுத்து இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றினார். இப்போது பெட்ரோலும் இல்லை, பொறியும் இல்லை. கொதிக்கும் எஞ்சினில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், கையும் வெந்துவிடும் என்று கொஞ்சம் ஆறவிட்டு, கையுறை போட்டுக் கழற்றினார். ரேடியேட்டர் ஃபேன் சாவியைப் போட்டதும் தானே சுற்றத் தொடங்கலாம், அதன் பக்கம் கை போகக் கூடாது என்று நான் எழுதியிருந்ததை இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். எனக்குக் காது கேட்கும் என்றார்.

சாவிக்கு எங்கள் யார்டில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய கை மெஷினுக்குள் இருக்கிறதோ, சாவி அவர் பையில்தான் இருக்கும். அப்போதுதான் வேறொருவர் தெரியாமல்கூட ஓடவிட முடியாது. இங்கும் அதுதான். டெஸ்டரை அவர் கையால் கடைசி வரை திருகி மாட்டினார். மாட்டிவிட்டு விலகி, பானட் மறைக்காத பக்கம், என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்று சாவியைத் தந்தார். நான் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையும் எனக்குத் தெரிகிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்தேன். ஐந்தாறு சுற்று. நிறுத்தி, சாவியை உருவித் திரும்ப அவரிடம் கொடுத்தேன். அவர் போய் முள்ளைப் பார்த்தார், அழுத்தத்தை வெளியேற்றும் பொத்தானை அமுக்கினார், பிறகுதான் கழற்றினார். ஒவ்வொரு தடவையும் இந்தச் சாவிச் சடங்கு. கோயிலில்கூட இத்தனை முறை கற்பூரம் காட்டமாட்டார்கள் என்று முணுமுணுத்தார்.

முதல் சிலிண்டர் நூற்றெழுபது. இரண்டாவது நூற்று அறுபத்தைந்து. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஷெட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று பேச ஆரம்பித்தார்.

மூன்றாவது தொண்ணூறு.

பேட்டரி இறங்கிவிட்டது என்றார். எங்கள் ஊர் உப்புக்காற்றில் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்து நிற்பது வழக்கம்தான். சுரண்டித் துடைத்து, சார்ஜரில் போட்டுக் காத்திருந்தோம். மறுபடி முழுச் சடங்கு. தொண்ணூறு. நான் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கவில்லை என்றார். மற்ற இரண்டுக்கும் மிதித்த கால் இதேதான் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கூடத்துக்குப் பதில் என் கால். மறுபடி மிதித்தேன், என் செருப்பு வளைந்தது. தொண்ணூறு. புது டெஸ்டரில் கோளாறு என்றார். அப்படியானால் முதல் சிலிண்டரை இன்னொரு தரம் பாருங்கள் என்றேன். பார்த்தார். நூற்றெழுபது.

இனி ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுப் பார்ப்பது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடுக்கை அடைக்கும், முள் ஏறும். ரிங் பழசு, இவர் அதைத் தொடவே இல்லை, அதனால் அது இவர் தப்பாகாது. முள் ஏறாவிட்டால் கசிவது வால்வு. வால்வு இவர் கையால் தேய்த்தது. இருமல் மருந்து மூடியில் நானே எண்ணெயை அளந்து கொடுத்தேன். சாவியைத் திருப்புமுன் நான் ஒரு காரியம் செய்தேன். ஏறு, ஏறு என்று அந்த முள்ளைக் கெஞ்சினேன். சேஃப்டி பிரிவில் இதற்கு இடமில்லை.

தொண்ணூற்றைந்து. ஐந்தெல்லாம் ஏற்றமில்லை, வால்வுதான்.

அவர் டெஸ்டரைக் கழற்றி வைத்தார். சக்கரத்துக்கு வைத்த செங்கல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கவரால் பையிலிருந்து போனை எடுத்து மேனேஜரின் மெயிலைத் திறந்தார்.

"மூணாவதுல என்ன செஞ்சிய?" என்று கேட்டேன். அதட்டலாகத்தான் வந்தது. எனக்கு வேறு மாதிரிக் கேட்க வராது.

போனை அணைத்துப் பையில் போட்டார். பிறகு சொன்னார்:

"அந்த மெயில் வந்த அன்னைக்குத்தான் மூணாவதத் தேய்ச்சேன். கை தேய்ச்சுது. மனசு அங்கன போயிட்டு."

சொல்லிவிட்டு எழுந்து, கவரால் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். வேலை முடிந்தது, காலண்டர் தாளைக் கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் கையை நீட்டவில்லை.

"மெஷின் தொறந்து கெடக்கும்போது சாவியத் திருப்பி வாங்க மாட்டேன். பெர்மிட்ட மூடாம வேலக்காரன் எடத்த விட்டுப் போவவும் முடியாது."

"அது ஒங்க யார்டு சட்டம்."

"இங்கனயும் அதுதான் சட்டம்."

அவர் சாவியை நீட்டியபடியே நின்றார். ஒரு புருவமில்லாத அந்த முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெர்மிட், சட்டம், கையெழுத்து என்று எத்தனை நேரம் நான் சுற்றிக்கொண்டிருப்பது? எனக்கே என்மேல் அலுத்துவிட்டது.

"போவாதிய அத்தான்" என்றேன். "வண்டி ஓடுனாலும் ஓடாட்டாலும் போவாதிய."

அவர் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"இத மொதல்லயே சொல்லிருந்தா நான் இந்த வண்டியவே வாங்கிருக்க மாட்டேனே, ஏளா. இங்கன இருக்க ஒரு சாக்கு வேணும்னுதான வாங்குனேன்."

இதற்கு நான் என்ன செய்ய? ஒரு மாதம் வாசலை அடைத்துக் கிடந்த வண்டி, மேம்பாலத்தில் பட்ட அவமானம், கருகிய புருவம், வளைந்த செருப்பு, எல்லாம் என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததா? அழுகை வரும் போலிருந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். இட்லித் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் ஓசை கேட்க வைத்தேன்.

"எல்லா வால்வையும் எடுங்க. இந்தத் தடவ மனச இங்கன வச்சுத் தேய்ங்க."

சாவியைக் கவரால் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தோசைதான்.